காசல்ரீயில் குளிக்கலாமா? ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்கள் பற்றி ஓர் இழை

ஜனவரி 5, காலை. வெள்ளவத்தை வாசகி கேட்டது

பொங்கல் விடுமுறைக்கு இரண்டு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ஹட்டன் பக்கம் போகிறோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் நாலு. காசல்ரீ நீர்த்தேக்கம் படங்களில் அவ்வளவு வடிவாக இருக்கிறது. கரையில் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளை இறக்கிக் குளிக்க வைக்க நல்ல இடம் எது? ஆழம் குறைந்த பக்கம் யாருக்காவது தெரியுமா?

ஜனவரி 5, இரவு

இறங்க வேண்டாம் அக்கா. ஆழம் குறைந்த பக்கம் என்று ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காசல்ரீ இயற்கையான குளம் இல்லை. கெசல்கமு ஓயா ஓடிய பள்ளத்தாக்கை 1965இல் அணை கட்டி மறித்து உண்டாக்கியது. தண்ணீருக்கு அடியில் இருப்பது மலைச்சரிவு. முழங்காலளவில் நிற்பவர் இன்னும் இரண்டு எட்டு வைத்தால் காலுக்குத் தரை கிடைக்காமல் போகலாம். பழைய கல்லுக்கட்டு, மரத்தூர், கம்பி எல்லாம் உள்ளே கிடக்கும். நீர்மட்டமும் ஓரிடத்தில் நிற்காது. மின்சாரத் தேவைக்கும் மழைக்கும் ஏற்ப ஏறும், இறங்கும். போன வருடம் ஒருவர் பிள்ளைகளைக் குளிக்க வைத்த இடம் இந்த வருடம் ஆழத்தில் இருக்கலாம், அல்லது சேறாகக் கிடக்கலாம்.

அந்தச் சேறு தனிப் பிரச்சினை. தண்ணீர் வடிந்த கரை மேலே காய்ந்து வெடித்திருக்கும், பார்த்தால் கட்டாந்தரைதான். கால் வைத்தால் தொடைவரை போகும்.

கட்டாயம் போங்கள், அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். குளிப்பதை மட்டும் விடுங்கள். செய்யக்கூடியவற்றை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 6

எழுத உட்கார முன்னமே மட்டக்குளி நண்பர் ஒருவர் பதில் போட்டிருக்கிறார். "நாங்கள் கடலில் நீந்திப் பழகியவர்கள், ஒரு நீர்த்தேக்கத்துக்குப் பயப்படுவோமா?" என்று. இதற்கு விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பிலிருந்து போகிற இளைஞர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கும், நன்னீர் அந்தளவு தூக்காது. கல்கிசையில் களைத்தால் மல்லாந்து மிதந்துகொண்டு மூச்சு வாங்குவீர்கள். அதே ஆள் காசல்ரீயில் மிதப்பதற்கே கூடுதலாகக் கைகாலை அடிக்க வேண்டும். அடுத்தது குளிர். அந்த நீர்த்தேக்கம் கடல்மட்டத்துக்கு 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கரையோரத் தண்ணீர் வெயிலில் கொஞ்சம் சூடாக இருக்கும், நடுவில் போனதும் கால் பக்கம் சில்லென்று பிடிக்கும். அந்தக் குளிரில் மூச்சு இறுகி, தசை பிடித்து மூழ்கியவர்களில் நல்ல நீச்சல்காரர்களும் உண்டு.

மூன்றாவது, அணையின் பக்கம். தண்ணீரைச் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்கு எடுக்கும் வாய் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. மேற்பரப்பு அசையாமல் இருக்கும், கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அணைக்கும், மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவுக்கும் பக்கத்தில் படகு, மீன்பிடி, நீச்சல் எதுவுமே வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டாதே என்று போட்டிருக்கும் பலகையை மழையும் பாசியும் தின்றிருந்தாலும் அது பலகைதான்.

ஜனவரி 6, பிறகு

சரி, செய்யக்கூடியவை.

அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏறும் ஏ7 வீதியில் வேன் கொழும்பிலிருந்து விடிய முன் புறப்பட்டால் நல்லது. பிள்ளைகளுக்கு வளைவில் தலை சுற்றும், வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். ரயிலில் போக ஆசை என்றால் கோட்டையிலிருந்து ஹட்டன் வரை போகலாம், ஆனால் நீண்ட விடுமுறைக்கு முன்பதிவு இடங்கள் எப்போதோ முடிந்திருக்கும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போகும் பாதையே ஒரு சுற்றுலா. நீர்த்தேக்கம் ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் மறையும். அந்தப் பாதையில் வோர்லி தேவாலயம் இருக்கிறது. 1878இல் கட்டிய சின்னக் கற்கோவில், சுற்றிவர கல்லறைகள், கீழே தண்ணீர். காலையில் பனி விலகும் நேரம் அங்கே நில்லுங்கள். பிள்ளைகள்கூடச் சத்தம் குறைத்துவிடுவார்கள். அது வழிபாட்டுக்குரிய இடம் என்பதால் கல்லறைமேல் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள்.

தேயிலைக்குள்ளே போகும் தோட்டப் பாதைகளில் நடக்கலாம். முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் நம் ஆட்கள், "அம்மா, இந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டால் வழியும் சொல்வார்கள், எந்தப் பக்கம் குளவி கூடு கட்டியிருக்கிறது என்பதையும் சொல்வார்கள். குளவிக் கொட்டால் வருடாவருடம் தோட்டத் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இந்த எச்சரிக்கையை எந்த வழிகாட்டியும் உங்களுக்குத் தரப்போவதில்லை.

படகு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற முன் உயிர்காப்பு அங்கியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒருமுறை எங்களுக்குத் தந்த அங்கிகளில் பாதிக்குக் கொக்கி இல்லை. பிள்ளைகளின் அளவும் இல்லை, பெரியவர்களுடையதைப் போட்டு நாடாவால் கட்டிவிடலாம் என்றார் படகுக்காரர். நாங்கள் ஏறவில்லை. என் மருமகள் அழுதாள், கரையில் சோளம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். பெரிய அளவு அங்கி தண்ணீரில் சின்னப் பிள்ளையின் தலைக்கு மேலால் கழன்று வந்துவிடும்.

கரையில் அடுப்பு மூட்ட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை அந்த மலைகளில் புல் காய்ந்து கிடக்கும், காற்றும் பலம், ஒரு பொறி போதும். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள், அல்லது நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ கடையில் சாப்பிடுங்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் அந்தக் குளிரில் வேறு ருசி.

ஜனவரி 8

"இவ்வளவு தூரம் ஏன், லபுகம, களட்டுவாவ இருக்கிறதே, ஹங்வெல்லைப் பக்கம்தானே" என்று ஒருவர். இரண்டும் கொழும்புக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள். சுற்றிவரக் காடு வைத்திருப்பதே தண்ணீர் சுத்தமாக வரத்தான். நீர் வழங்கல் சபையின் அனுமதி இல்லாமல் உள்ளே போகும் இடமல்ல. விட்டுவிடுங்கள்.

ஜனவரி 9

குடிநீர் என்றதும் நினைவு வந்தது. காசல்ரீயும் கொழும்பின் குடிநீர்தான்!

காசல்ரீத் தண்ணீர் சுரங்கத்தால் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு வந்து நோட்டன் பிரிட்ஜில் தேங்குகிறது, அங்கிருந்து பழைய லக்ஸபான மின்நிலையத்துக்கு. மற்றப் பக்கம் மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை, அதன் தண்ணீர் கெனியன் தேக்கம் வழியாகப் புதிய லக்ஸபான மின்நிலையத்துக்கு. இரண்டும் லக்ஸபானவில் ஒன்றுசேர்ந்து பொல்பிட்டிய மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் களனி கங்கையாகக் கித்துல்கலவைத் தாண்டி இறங்குகிறது. அம்பத்தலையில் அதைத்தான் எடுத்துச் சுத்திகரித்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மிச்சம் மட்டக்குளிப் பக்கம் கடலில் சேர்கிறது.

ஆகவே கரையில் விட்டுவரும் பிளாஸ்டிக் போத்தலும், பிள்ளையின் டயப்பரும், பாத்திரம் கழுவிய சவர்க்காரமும் நாம் குடிக்கும் ஆற்றில்தான் சேர்கின்றன. அதற்கு முன்னாலேயே, கரையோரத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களின் அன்றாட வாழ்க்கைக்குள் போய்விடுகின்றன. குப்பைக்கு ஒரு பையைக் கொண்டுபோய், நிரம்பினால் கட்டி, வேனிலேயே கொழும்புக்குக் கொண்டுவாருங்கள். மலையில் குப்பை அள்ள ஆள் போதாது.

ஜனவரி 12

நாளை புறப்படுகிறோம் என்று வாசகி எழுதியிருக்கிறார். நல்லபடி போய் வாருங்கள் அக்கா. பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பி, அட்டைக்கு உப்போ சவர்க்காரக் கட்டியோ. சிவனொளிபாதமலைப் பருவம் நடக்கிறது, மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி போகும் பாதை இரவில் நெரியும், அந்தப் பக்கம் பகலில் போங்கள்.

ஜனவரி 17

வந்துவிட்டார்கள். யாரும் இறங்கவில்லையாம், தேவாலயத்தடியில் ஒரு மணித்தியாலம் இருந்தார்களாம். ஆனால் அவர் எழுதிய ஒரு வரி என்னை உறுத்துகிறது. "கரையில் எங்களுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பொடியன்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். என் மகன் என்னிடம், அவர்கள் மட்டும் ஏன் குளிக்கலாம் என்று கேட்டான். பதில் தெரியவில்லை."

இதை யோசித்துக்கொண்டே இரண்டு நாள் போனது. தண்ணீரைக் கண்டால் பிள்ளைக்கு இறங்கத் தோன்றும், அதில் குற்றமில்லை. வெள்ளவத்தை மாடிவீட்டுப் பிள்ளைக்கு முற்றமே இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கோ கண்முன்னே இத்தனை தண்ணீர் கிடக்கிறது, நீந்தக் கற்றுக்கொடுக்க ஒரு தடாகம் கிடையாது. இறங்காதே என்று பலகை வைப்பதோடு நம் கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை.

கல்கிசைக் கடற்கரையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவு நிற்கிறது. நீர்த்தேக்கக் கரைகளில் விடுமுறை நாளில் எத்தனை வேன் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அணையிலிருந்து தூரமாக, அடி சமமான ஒரு மூலையைத் தேர்ந்து, மிதவைக் கயிறு கட்டி, அளவான அங்கிகளும் இரண்டு பயிற்சி பெற்ற காவலர்களும் வைத்தால் என்ன? நீர்மட்டம் மாறினால் கயிற்றை மாற்றிக் கட்டலாம், மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மூடிவிடலாம். அதே இடத்தில் கிழமை நாட்களில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கலாம். பிரதேச சபையும் மின்சார சபையும் பொலிசும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் செய்யக்கூடிய வேலை.

நான் முதல் நாள் எழுதியதை மாற்றவில்லை. இன்றைக்கு அப்படி ஓர் இடம் இல்லை, அதனால் இன்றைக்கு இறங்கக் கூடாது. அப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்கும் பொறுப்பு, போய் வருகிற நமக்கும் இருக்கிறது.

ஜனவரி 18

பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டுத்தான் முக்கியம் என்றால் நுவரெலியா கிரகரி வாவி. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைத்தது, மின்சாரத்துக்காக ஏற்றி இறக்கும் வேலை அங்கே இல்லை. மிதிபடகு, நடைபாதை, குதிரை எல்லாம் உண்டு. ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள், நடக்கவே இடம் இருக்காது.

ஜனவரி 27

கித்துல்கலவில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு இறங்குவது, எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அந்த ஆற்றில் வரும் தண்ணீர் மேலே இருக்கும் மின்நிலையங்கள் விடுவது. பொல்பிட்டியவுக்குக் கீழே 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் திட்டம் கட்டப்பட்டபோது, ராஃப்டிங்கை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள் எதிர்த்ததற்குக் காரணமும் அதுதான். அவர்கள் ஆற்றை மணிக்கணக்கில் படித்தவர்கள். எந்தப் பாறை தெரிந்தால் போகலாம், எது மறைந்தால் போகக்கூடாது என்று சொல்வார்கள். ஊர்ப் பொடியன் வழிகாட்டி "இன்றைக்குச் சரிவராது அண்ணே" என்றால் காசு திருப்பித் தரச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

தலைக்கவசமும் அங்கியும் இறுக்கமாக இருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கினால் அங்கி காதுக்கு மேலே வரக்கூடாது. படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு போக வேண்டும்.

ராஃப்டிங் முடிந்ததும் பாறையில் இருந்து சாப்பிட்டு, அப்படியே இறங்கிக் குளிப்பது இன்னொரு பழக்கம். இதைப் படகில் போவதைவிட ஆபத்தாக நினைக்கிறேன், அங்கியைக் கழற்றியிருப்பீர்கள். மேலே மழை பெய்தாலோ கதவு திறந்தாலோ இங்கே வெயில் எரித்தாலும் ஆறு ஏறும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், கல்லில் ஈரக்கோடு மேலே ஏறினால், அபாயச் சங்கு ஊதினால் உடனே கரை. செருப்பை எடுக்கத் திரும்பாதீர்கள்.

பெப்ரவரி 11

எங்கள் பெரியம்மா பழைய மஸ்கெலியாவில் படித்தவர். பழைய என்றால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிரம்பியபோது பழைய ஊர் மூழ்கியது, நகரத்தை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். கோவில், பள்ளிவாசல், பன்சலை (பௌத்த விகாரை) மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஊர் அது.

நேற்று கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த இழையை வாசித்துக் காட்டினேன். குளிக்கும் கதையெல்லாம் முடியும்வரை கேட்டுவிட்டு, "கடைத்தெரு முனையில் ஒரு தையல்கடை, தீபாவளிக்கு முதல் நாள் இரவு பூரா விளக்கு எரியும்" என்றார். கோவில் வாசலில் இருந்து எண்ணினால் தன் அப்பாவுடைய நண்பர் கடை எத்தனையாவது என்றுகூடச் சொன்னார். சாமான்களை லொறியில் ஏற்றியதும், புது வீட்டில் வாசல் வேறு பக்கம் பார்த்ததால் பாட்டி பல நாள் தூங்காமல் இருந்ததும் நினைவிருக்கிறதாம். தண்ணீர் வந்ததைப் பார்க்கப் போகவில்லை. பார்க்க விடவில்லை என்கிறார்.

வரட்சியான மாதங்களில் மட்டம் நன்றாக இறங்கினால் கோவிலின் மிச்சம் வெளியே வரும். அந்தக் காலத்தில் பஸ்ஸில் போனால் பெரியம்மா சன்னல் பக்கம் இருந்து கையெடுத்துக் கும்பிடுவார். இறங்கி நடந்து போவோமா என்று கேட்டால் மாட்டேன் என்பார்.

பெப்ரவரி 13

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, கோவில் தெரியும்போது எப்படிப் போவது, படம் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், ஆட்கள் போகிறார்கள். ஊர்க்காரர் நடந்த தடத்திலேயே நடங்கள், குறுக்கு வழி தேடினால் முதலில் சொன்ன சேறுதான். இடிந்த சுவரின்மேல் ஏற வேண்டாம், இவ்வளவு காலம் தண்ணீரில் ஊறிய சாந்து அது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் முதியவர்களைப் பார்த்தால் கமராவைக் கீழே இறக்குங்கள். கல்லையோ செங்கல்லையோ நினைவுக்கு என்று எடுத்துவராதீர்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு, அணைப் பக்கம் என்றால் காவலில் இருப்பவர்களும் விடமாட்டார்கள்.

மார்ச் 3

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு வாங்கி வேனின் தலையில் கட்டிக்கொண்டு மவுசாகலைக்குப் போகப்போகிறாராம் தெஹிவளைத் தம்பி ஒருவர். முதலில் பொல்கொடை வாவியில் பழகுங்கள் தம்பி. கவிழ்ந்தால் மறுபடி ஏறத் தெரியும்வரை மலைக்குப் போக வேண்டாம். மவுசாகலை காசல்ரீயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் கொள்ளும். மத்தியானத்துக்குப் பிறகு மலைக்காற்று இறங்கி அலை எழுப்பும். காலை ஆறிலிருந்து பத்து வரை நல்ல நேரம். நடுவில் போகாமல் கரையோடு போங்கள், யாரையாவது கரையில் நிற்க வைத்து, திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். கயாக்கை இறக்கலாமா என்று அங்கே முதலில் கேட்டுவிட வேண்டும்.

மார்ச் 19

கொஞ்சம் விலகிப் போகிறேன். கல்முனைப் பக்கத்து நண்பர் ஒருவர், "எல்லோரும் மலையையே எழுதுகிறீர்கள், எங்கள் சேனாநாயக்க சமுத்திரத்தை விட்டுவிட்டீர்கள்" என்று உரிமையோடு கோபித்திருக்கிறார். நியாயம். இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து 1950ஐ ஒட்டிய வருடங்களில் கட்டியது, நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் படகில் போய் யானை பார்க்கும் இடம். தீவிலிருந்து தீவுக்கு யானைகள் தும்பிக்கையை மேலே பிடித்துக்கொண்டு நீந்தும். நான் பார்த்தது தூரத்தில்தான், ஒரு தாயும் குட்டியும், குட்டி தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போனது. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார், அவை கரையேறும்வரை ஓட்டவில்லை. அப்படிப்பட்ட ஆட்களோடு போங்கள். கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது, இரண்டு இரவாவது தங்க வேண்டும்.

மே 22

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம் என்பதால் இதை எழுதுகிறேன். இனிச் சில மாதங்களுக்கு "வான்கதவுகள் திறப்பு" என்ற செய்தி அடிக்கடி வரும். லக்ஸபான, கெனியன், நோட்டன் எல்லாம் சின்னத் தேக்கங்கள், பலத்த மழை வந்தால் சீக்கிரம் நிரம்பும். அபர்டீன் நீர்வீழ்ச்சி நோட்டனுக்குக் கீழேதான் இருக்கிறது. 98 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், அடியில் பச்சையாகத் தடாகம், பார்த்தால் குளிக்கச் சொல்லும். வெயில் காலத்திலேயே அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. மழைக் காலத்தில் மேலே இருந்தே பாருங்கள், அப்போதுதான் அது முழு அழகோடும் இருக்கும்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடும். நுவரெலியா மாவட்டத்துக்குச் செம்மஞ்சள் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இடர் முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. மலையில் சிக்னல் அறுந்து அறுந்து வரும், தங்குமிடத்து எண்ணைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மே 23

வெள்ளவத்தை வாசகி திரும்ப வந்திருக்கிறார். மகன் ஜனவரியிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் நீச்சல் பழகப் போகிறானாம், ஆகஸ்ட் விடுமுறைக்கு மறுபடி மலைக்குப் போக வேண்டும் என்று நிற்கிறானாம்.

ஆகஸ்டில் காசல்ரீ நிறைந்திருக்கும், மழையும் இருக்கும். பிள்ளையோடு போவதென்றால் இந்த முறை தலவாக்கலைப் பக்கம் பாருங்கள் அக்கா. 2012இல் திறந்த மேல் கொத்மலை அணையை வீதியிலிருந்தே காட்டலாம், சென் கிளயார் நீர்வீழ்ச்சியையும் சேர்த்துக் காட்டலாம், ஆற்றை மறித்தால் அருவிக்கு என்ன ஆகும் என்று அவனுக்குக் கண்ணால் விளங்கும். குளிரங்கி இரண்டு கொண்டுபோங்கள். ஜூலையில் நோட்டன் பாதையால் யாராவது போனால், மழைக்குப் பிறகு வீதி எப்படி இருக்கிறது என்று இங்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.